கங்காருவும் செம்மறியும்: நாடாப்புழு வகைப்பாட்டில் ஓம்புயிரியின் இடம்

பெர்லினைச் சேர்ந்த கார்ல் அஸ்முண்ட் ருடோல்ஃபி 1810இல் ஆட்டுக் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவை டீனியா எக்ஸ்பான்சா என்று பதிவு செய்தார். 1819இல் கங்காருவிலிருந்து கிடைத்த வேறொரு புழுவுக்கு டீனியா ஃபெஸ்டிவா என்று பெயர் வைத்தார். முதல் புழு இன்றும் திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரிப் பக்கத்துக் கறிக்கடைகளில் குடல் கழுவும்போது வந்து விழுகிறது; அதன் இன்றைய பெயர் மொனீசியா எக்ஸ்பான்சா. இரண்டாவது புழு கங்காருக்களின் பித்தக்குழாயில் வாழ்வது. இப்போது புரோகாமோடீனியா ஃபெஸ்டிவா. ருடோல்ஃபியின் காலத்தில் பெரும்பாலான நாடாப்புழுக்கள் டீனியா என்ற ஒரே பேரினத்தில்தான் கிடந்தன. ஆட்டுப்புழுவும் கங்காருப்புழுவும் அதில் பக்கம் பக்கமாக இருந்ததில் யாருக்கும் உறுத்தல் இல்லை.

பிறகு வந்தவர்கள் அந்தக் குவியலைப் பிரித்தார்கள். பிரிப்பதற்கு அவர்கள் கையில் இரண்டு அளவுகோல்கள் இருந்தன: புழுவின் உடலமைப்பு ஒன்று, அது எந்த விலங்கில் வாழ்கிறது என்பது மற்றொன்று. புழுவுக்குப் பெயர் வைக்கும்போது அது குடியிருக்கும் விலங்குக்கு, அதாவது ஓம்புயிரிக்கு, எவ்வளவு எடை கொடுக்கலாம் என்ற ஒரு கேள்வியையே இக்கட்டுரை ஆராய்கிறது. இக்கேள்வி மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது ஆஸ்திரேலியப் பைப்பாலூட்டிகளின் புழுக்களில். அதன் விளைவு பெரிதும் தேவைப்படுவது, என் பார்வையில், இந்திய ஆடுகளின் புழுக்களுக்கு.

பொன்னேரியில் பைப்பாலூட்டி கிடையாது; இந்தியா முழுவதிலுமே கிடையாது. பழைய ஒட்டுண்ணிப் பட்டியல்களைப் புரட்டுபவர்கள் 'பேண்டிகூட்' என்ற பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. நம் நெல்வயல் வரப்பைக் குடையும் பெருச்சாளிக்கும் அதே பெயர்தான். 1896இல் சுவிட்சர்லாந்தின் ஃபிரிட்ஸ் ஷொக்கே விவரித்த லின்ஸ்டோவியா செமோனி என்ற நாடாப்புழு வாழ்வதோ ஆஸ்திரேலியப் பேண்டிகூட்டில். முன்னது கொறிப்பி, பின்னது பைப்பாலூட்டி. இரண்டின் குடலுக்குள்ளும் இருப்பவை வெவ்வேறு உலகங்கள். பட்டியலில் ஓம்புயிரியின் வழக்குப் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் பின்னால் வருபவருக்கு வைத்துவிட்டுப் போகும் கண்ணி இது.

1. குடல் கழுவும் இடத்தில்

திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் சொந்தச் செம்மறி இனம் சென்னைச் சிவப்பு. ஆரணியாற்றுக் கரையிலும் அறுவடை முடிந்த நெல்வயல்களிலும் மேயும் மந்தைகளில் இதுவே அதிகம். கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் ஆந்திர எல்லை. அந்தப் பக்கத்து நெல்லூர் ஆடும் இந்தப் பக்கம் வரத் தடையேதும் இல்லை. ஆகவே பொன்னேரியில் வெட்டப்படும் ஆடு பொன்னேரியில் மேய்ந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

இந்தப் பக்கத்தில் ஆட்டுக்குடலைப் போட்டி என்றே கேட்டு வாங்குவார்கள். அதைக் கழுவுகிறவர் சிறுகுடலை நீளவாட்டில் பிளந்து நீரில் அலசும்போது, சில நேரம் பால்வெள்ளை நிறத்தில் ஒரு நாடா பிரிந்து வரும். ஒன்றரை சென்டிமீட்டர் வரை அகலம், ஆறு மீட்டர் வரை நீளம். ஒவ்வொரு கணுவும் நீளத்தைவிட அகலம் அதிகம். வரிசையாக அடுக்கிய சீட்டுக்கட்டின் விளிம்பு மாதிரி இருக்கும். இதுதான் மொனீசியா. தலையில் கொக்கிகள் இல்லை, நான்கு உறிஞ்சிகள் மட்டுமே. ஒவ்வொரு கணுவிலும் இனப்பெருக்க உறுப்புகள் இரண்டு தொகுதிகள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.

அதே குடலில் மெல்லிய நூல் போன்ற வேறொன்றும் இருக்கலாம். அகலம் மூன்று மில்லிமீட்டர் அளவுதான். கணுக்கள் இருப்பது வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நடுவே வெள்ளைக்கோடு ஒன்று மட்டும் ஓடும். இது அவிடெல்லினா. ஸ்டைலீசியா குளோபிபங்டேட்டா தலையைக் குடற்சுவருக்குள் புதைத்துக்கொண்டு, அங்கே சிறு முடிச்சுகளை உண்டாக்கும். அதே பேரினத்தின் இன்னொரு புழுவான ஸ்டைலீசியா ஹெபாடிகா குடலில் தங்குவதே இல்லை. ஈரலின் பித்தக்குழாய்களுக்குள் போய்விடுகிறது. ஈரலை அறுக்கும்போது தடித்த குழாயிலிருந்து வெள்ளைப் புழு நீண்டு வருவதைப் பார்த்தவர் அந்த ஈரலை வாங்கமாட்டார். சமைத்து உண்பவருக்கு இவற்றால் கேடில்லை, அருவருப்புதான் நட்டம்.

இவை ஆட்டுக்குள் போகும் வழி நெடுங்காலம் புதிராக இருந்தது. புல்லடியிலும் ஈரமண்ணிலும் வாழும், கடுகைவிடச் சிறிய ஒரிபேட்டிட் மண்ணுண்ணிகள் மொனீசியா முட்டையை விழுங்குகின்றன. உண்ணிக்குள் இளம்புழு வளர்கிறது. புல்லோடு உண்ணியும் ஆட்டின் வயிற்றுக்குப் போகிறது. நியூயார்க்கின் ஹொரேஸ் ஸ்டங்கார்ட் 1937இல் இதைக் காட்டினார். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் எம். அனந்தராமன் 1950களின் தொடக்கத்தில் மொனீசியாவின் வளர்ச்சியை இங்கே ஆராய்ந்து எழுதினார். பனி காயுமுன் ஆட்டை மேய்ச்சலுக்கு விடக்கூடாது என்று மேய்ப்பவர்கள் சொல்வதற்கு இந்த உண்ணியும் ஒரு காரணமாக நிற்கிறது. ஈரம் இருக்கும்போதுதான் அது புல் மேலே ஏறி வருகிறது.

மருந்து கொடுக்கும் மருத்துவருக்கு ஆட்டில் இருப்பது மொனீசியா எக்ஸ்பான்சாவா, அதே பேரினத்தின் மற்றொரு சிற்றினமான மொனீசியா பெனிடெனியா என்பது பெரும்பாலும் தேவைப்படாது. குடற்புழு நீக்க மருந்து இரண்டுக்கும் ஒன்றே. வகைப்பாடு பயனற்ற வேலை என்று சிலர் சொல்வது இதை வைத்துத்தான். அந்த வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு; இரண்டு புழுக்களும் உண்மையிலேயே இரண்டுதானா என்று கேட்கும்வரை.

2. பித்தக்குழாய் தந்த பாடம்

ஆஸ்திரேலியாவில் ஆடு, மாடுகள் வந்து சேர்ந்தது ஐரோப்பியர் குடியேறிய பின்புதான். அதற்கு முன் அங்கே புல் மேய்ந்தவை கங்காருவும் வாலபியும் வொம்பட்டும். அவற்றின் குடல்களில் நாடாப்புழுக்கள் பெருகி, வேறெங்கும் காணாத வடிவங்கள் எடுத்திருந்தன. 1902இல் போவாஸ் விவரித்த டிரிப்ளோடீனியா என்ற புழுவில் ஒரு தலையிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட நாடாக்கள் புறப்படுகின்றன. நாடாப்புழு என்றால் ஒரு தலை, ஒரு நாடா என்று பாடப்புத்தகத்தில் படித்தவருக்கு அதை நுண்ணோக்கியில் பார்ப்பது கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும்.

இவற்றுள் மிகவும் சிக்கல் கொடுத்தது ருடோல்ஃபியின் பழைய ஃபெஸ்டிவா. 1910 முதல் 1913 வரை எரிக் மியோபெர்க் தலைமையில் ஆஸ்திரேலியா சென்ற சுவீடன் ஆய்வுப்பயணம் கொண்டுவந்த புழுக்களை ஓர்வர் நைபெலின் 1917இல் விவரித்தார். புரோகாமோடீனியா என்ற பேரினப் பெயர் அவர் கொடுத்தது. ஈரலில் வாழும் புழுக்களுக்கென்று ஹெப்படோடீனியா என்ற தனிப் பேரினத்தையும் அவர் ஏற்படுத்தினார். வாழும் உறுப்பு வேறு, எனவே பேரினமும் வேறு என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்திருக்க வேண்டும். பின்வந்தவர்கள் அதை ஏற்கவில்லை. ஹெப்படோடீனியா புரோகாமோடீனியாவுக்குள் கரைந்தது. ஈரல்புழுக்களில் அவர் வைத்த ஃபெல்லிகோலா என்ற சிற்றினமும் ஃபெஸ்டிவாவுக்குள் கரைந்தது. பல வகைக் கங்காருக்களிலும் வொம்பட்டிலும் பித்தக்குழாயில் கிடைத்தவை எல்லாம் ஒரே ஃபெஸ்டிவா என்று ஆயிற்று.

மெல்பர்ன் பல்கலைக்கழகத்துடன் நீண்ட தொடர்புடைய இயன் பெவரிட்ஜ் 1976இல் பைப்பாலூட்டிகளின் அனோப்ளோசெஃபாலிடே குடும்பம் முழுவதையும் மறுஆய்வு செய்து வெளியிட்டார். மொனீசியாவும் இந்தக் குடும்பம்தான். அருங்காட்சியகங்களில் கிடந்த மூல மாதிரிகளைத் தேடி எடுத்துப் பார்த்து, புதிதாகச் சேகரித்தவற்றோடு ஒப்பிட்டு எழுதிய நூல் அது. அந்த வேலைக்குப் பிறகும் ஃபெஸ்டிவா ஒன்றாகவே நின்றது. உருவத்தில் பிரிக்க ஆதாரம் போதவில்லை.

ஆதாரம் வேறு திசையிலிருந்து வந்தது. பாவர்ஸ்டாக், ஆடம்ஸ், பெவரிட்ஜ் மூவரும் 1985இல் பித்தக்குழாய்ப் புழுக்களின் நொதிகளை மின்புலத்தில் ஓடவிட்டுப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரே பெயரில் கிடந்த புழுக்கள் மரபளவில் பலவாக இருந்தன. அதே ஆய்வில் புழுக்களின் உறவுமுறையை ஓம்புயிரிகளின் உறவுமுறையோடும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியவில்லை. 2009இல் பெவரிட்ஜும் ஷாம்சியும் அந்தக் கூட்டத்தை முறையாகப் பிரித்தார்கள். நைபெலினின் ஃபெல்லிகோலா 92 ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் உயிர்பெற்றது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பல கங்காருக்களில் ஒரே புழு என்று சொன்னது ஓம்புயிரியைப் புறக்கணித்த பிழை. கங்காருவுக்குக் கங்காரு தனிப்புழு, கங்காருக்களின் கிளைவழியே புழுக்களின் கிளைவழியும் என்று எதிர்பார்த்திருந்தால் அதுவும் பிழையாகியிருக்கும். ஒரு புழு தன் ஓம்புயிரியோடு சேர்ந்தே பரிணமிக்கிறது, எனவே இரண்டின் மரபுமரமும் ஒன்றாக இருக்கும் என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலரை மயக்கிய கொள்கை. ஃபாரன்ஹோல்ட்ஸ் விதி என்று பெயரே உண்டு. பிரேசிலில் வாழ்ந்த ஹெர்மன் ஃபான் இயெரிங் இன்னும் முன்பே, குடற்புழுக்களை வைத்துக் கண்டங்கள் எப்போது இணைந்திருந்தன என்று கணிக்கலாம் என வாதிட்டார். தென்னமெரிக்கப் பைப்பாலூட்டிகளின் புழுவும் ஆஸ்திரேலியப் பைப்பாலூட்டிகளின் புழுவும் ஒத்திருப்பது பழைய நிலத்தொடர்புக்குச் சான்று என்று 1914இல் எஸ். ஜே. ஜான்ஸ்டன் எழுதியது அந்த மரபில் வருவதே. கண்ட நகர்வுக் கொள்கையை நிலவியலாளர்கள் ஏற்கப் பல பத்தாண்டுகள் இருந்த காலத்தில் புழு ஆய்வாளர்கள் அந்த முடிவின் அருகே வந்துவிட்டார்கள் என்பது வியப்புக்குரியது. முடிவு சரி; அதற்கு அவர்கள் வந்த வழி எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது.

2012இல் ஹார்ட்மன், ஹௌகிசால்மி, பெவரிட்ஜ் மூவரும் டி.என்.ஏ. வரிசைகளைக் கொண்டு செய்த ஆய்வு புரோகாமோடீனியா பேரினத்தையே கேள்விக்குள்ளாக்கியது. அதிலிருந்து ஒரு கிளையைப் பிரித்து, 1975இல் ஷ்மிட் வைத்து மறக்கப்பட்டிருந்த வாலபிசெஸ்டஸ் என்ற பெயரை மீட்டெடுத்தார்கள். உருவம் ஒன்றாகக் காட்டியதை மரபுப்பொருள் பிரித்தது.

ஆட்டு ஈரலுக்கு இப்போது திரும்பலாம். ஸ்டைலீசியா ஹெபாடிகாவும் புரோகாமோடீனியா ஃபெஸ்டிவாவும் ஒரே வேலையைச் செய்கின்றன. மேயும் விலங்கின் பித்தக்குழாயில் குடியேறுகின்றன. அமெரிக்க ஆடுகளில் தைசனோசோமா என்ற இன்னொரு புழுவும் அங்கேயே போகிறது. வாழிடத்தை வைத்துக் குடும்பம் கட்டினால் இம்மூன்றும் ஒரே வீட்டில் உட்காரும். உள்ளே இருக்கும் கருப்பை, மஞ்சட்கரு உறுப்புகளைப் பார்த்தால் அந்த வீடு நிற்காது.

3. லிவர்பூல், டவுன்ஸ்வில், கல்கத்தா

இந்தியப் புழுவையும் பைப்பாலூட்டிப் புழுவையும் சேர்த்துப் பேசுவது என் விருப்பத்தால் மட்டும் நேர்ந்ததல்ல. இரண்டையும் எழுதிய கைகள் ஒன்றே. தாமஸ் சவுத்வெல் இலங்கையில் முத்துக்குளிப்பு நிறுவனத்தின் அறிவியலாளராகத் தொடங்கி, வங்காளம், பீகார், ஒரிசா மீன்வளத் துறையில் பணியாற்றி, லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக்குப் போனவர். பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினங்கள் என்ற தொடரில் 1930இல் வெளிவந்த நாடாப்புழுக்கள் பற்றிய இரண்டு தொகுதிகளும் அவர் எழுதியவை. பெர்சி மேப்பிள்ஸ்டோன் ஆஸ்திரேலியர். டவுன்ஸ்வில் வெப்பமண்டல மருத்துவ நிறுவனத்தில் இருந்தவர். பின்னர் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் குடற்புழுவியல் பேராசிரியர் ஆனார். இருவரும் சேர்ந்து 1920களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய நாடாப்புழுக்கள் பற்றிக் குறிப்புகள் வெளியிட்டார்கள்.

சவுத்வெலின் இரண்டு தொகுதிகளும் இன்றுவரை இந்திய மாணவர் கையில் முதலில் வந்து சேரும் நூல்கள். அவற்றின் பலம், சிதறிக் கிடந்த விவரிப்புகளை ஒரே இடத்தில் தந்தது. பலவீனமும் அதுவே: சரக்கு பல கைகளிலிருந்து, பல விதமாகப் பதப்படுத்தப்பட்டு, சில நேரம் இடக்குறிப்புகூட இல்லாமல் வந்தது. ஆஸ்திரேலியாவில் பெவரிட்ஜ் செய்த மூல மாதிரி மறுஆய்வு போன்ற ஒன்று, இந்திய ஆடுமாடுகளின் நாடாப்புழுக்களுக்கு அதே அளவில் நடந்திருந்தால் நம் நிலை வேறாக இருந்திருக்கும்.

4. மன்னார் வளைகுடாவில் ஒரு பழைய வழக்கு

ஓம்புயிரியை வைத்து ஊகிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் கடற்கரையிலேயே ஒரு வழக்கு உண்டு. 1902இல் இலங்கை அரசின் அழைப்பில் வில்லியம் ஹெர்ட்மனும் ஜேம்ஸ் ஹார்னலும் மன்னார் வளைகுடா முத்துச்சிப்பிகளை ஆராய்ந்தார்கள். முத்தின் கருவில் நாடாப்புழுவின் இளம்பருவம் இருக்கிறது, அதைச் சுற்றித்தான் முத்து படிகிறது என்பது அவர்கள் முடிவு. சிப்பியில் இளம்புழு, சிப்பியைத் தின்பது திருக்கை, எனவே முதிர்புழு திருக்கையில் இருக்க வேண்டும். திருக்கையின் குடலில் கிடைத்த புழுவோடு அதை இணைத்தார்கள். ஷிப்ளியும் ஹார்னலும் 1904இல் அதற்கு டெட்ராரிங்கஸ் யூனியோனிஃபாக்டர் என்று பெயரிட்டார்கள். 'முத்தாக்கும் புழு' என்ற நினைப்பே அந்தப் பெயரில் இருக்கிறது.

இரை–இரையாளர் தொடர்பு சரியாக இருந்தும் இணைப்பு தவறாகப் போனது. சிப்பியில் இருந்த உருண்டை இளம்புழு டைலோசெஃபாலம் என்ற வேறொரு பிரிவைச் சேர்ந்தது. 1912இல் லைஸ்டர் ஜேம்சன் முத்துக்கும் அந்தப் புழுவுக்குமான காரணத் தொடர்பையே மறுத்தார். சிப்பியின் மேலுறைத் திசு உள்ளே இடம் மாறிப் போவதுதான் முத்துக்குத் தேவை என்பது இன்றைய புரிதல். ஹார்னல் பிற்காலத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநரானார். அதற்கு முன்பே, 1908இல், பழவேற்காடு ஏரி உண்ணும் சிப்பி வளர்ப்புக்கு ஏற்றதா என்று ஆராய்ந்து அறிக்கை கொடுத்திருந்தார். ஹார்னலைக் குறை சொல்வது எளிது. அவர் காலத்தில் இளம்புழுவையும் முதிர்புழுவையும் இணைக்க உருவமும் ஊகமும் தவிர வேறு கருவி இல்லை. இன்று ஒரு சிறு துண்டுத் திசுவின் டி.என்.ஏ. அந்த இணைப்பை உறுதி செய்துவிடும், அல்லது முறித்துவிடும்.

5. குரங்கும் கோலாவும்

இந்தியாவையும் பைப்பாலூட்டிகளையும் நேரடியாக ஒரே பேரினத்தில் கட்டிப்போட்டிருப்பது பெர்ட்டியெல்லா. ரஃபேல் பிளாஞ்சார் 1891இல் மனிதக் குரங்குகளின் புழுக்களுக்கு பெர்ட்டியா என்று பெயர் வைத்தார்; மொனீசியா என்ற பேரினத்தை அவர் உருவாக்கியதும் அதே ஆண்டில்தான். பெர்ட்டியா ஏற்கெனவே ஒரு நத்தையின் பெயராக இருந்ததால் 1902இல் ஸ்டைல்ஸும் ஹாசலும் அதை பெர்ட்டியெல்லா என்று மாற்றினார்கள். பெர்ட்டியெல்லா ஸ்டுடெரி ஆசியக் குரங்குகளில் பரவலாக உண்டு. 1913இல் பிளாஞ்சார் மொரீஷியஸிலிருந்து முதல் மனிதத் தொற்றைப் பதிவு செய்தார். இந்தியாவிலும் இலங்கையிலும் மனிதரிடம், குறிப்பாகக் குழந்தைகளிடம், கண்டறியப்பட்டிருக்கிறது. குரங்குகள் சுற்றும் இடத்தில் மண்ணிலோ கீழே விழுந்த பழத்திலோ இருக்கும் மண்ணுண்ணி வாய்க்குள் போவதே வழி. அந்தச் சுழற்சியையும் ஸ்டங்கார்ட்தான் 1940இல் விரிவாக எழுதினார். மலத்தில் வரும் கணுக்களைப் பார்த்து மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி நாடாப்புழு என்று முடிவு கட்டிவிடுவதுண்டு. இறைச்சியே தொடாத வீட்டுக் குழந்தைக்கு அந்த முடிவைச் சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வகைப்பாடு பயனற்ற வேலை என்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

அதே பெர்ட்டியெல்லா கோலாவிலும் இருக்கிறது: பெர்ட்டியெல்லா ஒபீசா, 1898இல் ஷொக்கே விவரித்தது. ஆஸ்திரேலியப் பாசம்களிலும் இப்பேரினத்தின் சிற்றினங்கள் உண்டு. கொறிப்பிகளிலும், தென்கிழக்காசியாவின் சறுக்கிப் பறக்கும் கொலுகோவிலும் உண்டு. இதை எப்படி விளக்குவது?

ஓம்புயிரியோடு கூடவே வந்த பழம்புழு என்பது ஒரு விளக்கம். அது நிற்கவேண்டுமானால் குரங்குகளின் முன்னோரும் பைப்பாலூட்டிகளின் முன்னோரும் பிரியும் முன்பே பெர்ட்டியெல்லா இருந்திருக்க வேண்டும். அந்தப் பிரிவு 12 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. கடலில் இருக்கும் ஒரு பேரினம் அப்படி நீடித்தாலும் நம்பலாம். இரண்டு கண்டங்களின் பாலூட்டிகளில், அடையாளம் காண முடிகிற அளவுக்கு மாறாமல், ஒரு குடற்புழு அவ்வளவு காலம் இருந்தது என்பது என் அளவில் நம்பக் கடினம்.

இரண்டாவது விளக்கம் தாவல். மண்ணுண்ணிக்கு எந்த வாய் தன்னை விழுங்குகிறது என்ற கவலை இல்லை. இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் மக்காக் குரங்குகளும் கஸ்கஸ் என்ற பைப்பாலூட்டிகளும் ஒரே காட்டில், ஒரே வகை இலைகளையும் பழங்களையும் தின்று வாழ்கின்றன. ஆசிய விலங்கினமும் ஆஸ்திரேலிய விலங்கினமும் சந்திக்கும் அந்த வட்டாரம் புழு இடம் மாறத் தோதான இடம். ஆஸ்திரேலியாவுக்குள் ஆசியாவிலிருந்து கொறிப்பிகள் போய்ச் சேர்ந்ததும் அறிந்ததே. மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும்: குரங்குப் பெர்ட்டியெல்லாவும் கோலாப் பெர்ட்டியெல்லாவும் உறவே இல்லாமல் உருவத்தில் மட்டும் ஒத்திருக்கலாம். ஒரே ஒரு தொகுதி இனப்பெருக்க உறுப்பு, குறுக்காக ஓடும் குழாய்க் கருப்பை போன்ற எளிய அடையாளங்களால் கட்டிய பேரினம் இது. எளிய உருவத்தைப் பரிணாமம் பலமுறை அடையலாம். புரோகாமோடீனியாவுக்கு நேர்ந்தது பெர்ட்டியெல்லாவுக்கும் நேரக்கூடும். இரண்டாவது, மூன்றாவது விளக்கங்கள் ஒன்றையொன்று விலக்குவதில்லை, முதலாவதை விட்டுவிடலாம்.

6. புதிய ஆடு, புதிய சிற்றினம்

இந்தியாவின் சிக்கல் ஃபெஸ்டிவாவுக்கு நேர்எதிர். அங்கே பலவற்றை ஒன்றாக்கினார்கள். இங்கே ஒன்றைப் பலவாக்கினோம். அலகாபாத்தில் பேராசிரியராக இருந்த உட்லண்ட் 1927இல் இந்தியாவிலிருந்தும் சூடானிலிருந்தும் அவிடெல்லினாவின் மூன்று புதிய சிற்றினங்களை விவரித்தார். அவற்றில் ஒன்றின் பெயரிலேயே லாகூர் இருக்கிறது. அவர் செய்ததில் ஒரு நேர்மை உண்டு: புதியவற்றைச் சொல்லும் அதே கட்டுரையில் பழைய மூலச் சிற்றினத்தையும் மறுபடி விவரித்தார். பின்வந்த பல பதிவுகளில் அந்த ஒழுங்கு இல்லை. நாட்டுக்கு விடுதலை வந்தபின், குறிப்பாக மராத்வாடா வட்டாரத்திலிருந்து, ஆடுகளின் மொனீசியாவிலும் அவிடெல்லினாவிலும் ஸ்டைலீசியாவிலும் புதிய சிற்றினங்கள் ஏராளமாக வந்தன. விந்தகங்களின் எண்ணிக்கை, தலையின் அகலம், கழுத்தின் நீளம் ஆகியவையே அவற்றைப் பிரிக்கும் அடையாளங்கள்.

அந்த அளவுகள் எப்படி மாறுகின்றன என்பதைப் புழுவைக் கையாண்டவர் அறிவார். வெட்டிய குடலிலிருந்து உயிரோடு எடுத்த மொனீசியாவை நேராக ஃபார்மலினில் போட்டால் அது சுருண்டு இறுகும், கணுக்கள் குட்டையாகும், விந்தகங்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி எண்ண முடியாமல் போகும். தண்ணீரில் நெடுநேரம் விட்டால் ஊதித் தளரும், கழுத்து நீளும். சூடான திரவத்தை ஊற்றி நீட்டிய நிலையிலேயே கொன்றால் மூன்றாவது வகை அளவு கிடைக்கும். ஒரே புழுவின் மூன்று துண்டுகளை மூன்று விதமாகப் பதப்படுத்தினால், பழைய அளவுகோல்படி மூன்று சிற்றினங்களுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். கார்மைன் சாயம் ஏற்றிக் கண்ணாடியில் பதித்த பின் இந்தக் கதை எதுவும் தெரியாது. தெரிவது அளவு மட்டும்.

கணுக்களுக்கிடையில் வரிசையாக உள்ள சுரப்பிகள் ஓரளவு உறுதியான அடையாளம். மொனீசியா எக்ஸ்பான்சாவில் அவை ஏறக்குறைய கணுவின் முழு அகலத்துக்கும் பரவியிருக்கும். பெனிடெனியில் நடுவில் சிறு பட்டையாகக் குவிந்திருக்கும். 1937இல் ஸ்க்ர்யாபினும் ஷுல்ட்ஸும் மொனீசியாவை மூன்று துணைப்பேரினங்களாகப் பிரித்தது இந்தச் சுரப்பிகளின் அமைப்பையும், அவை இல்லாமையையும் வைத்தே. இந்த அடையாளத்தின் மீதும் நம்பிக்கை குறையவேண்டியிருந்தது. செனகலைச் சேர்ந்த பா என்பவரும் கூட்டாளிகளும் 1993இல் மொனீசியா புழுக்களின் நொதிகளை ஆராய்ந்தபோது, நாம் இரண்டே பெயரில் அழைப்பவற்றுக்குள் மரபளவில் பிரிந்த கூட்டங்கள் இருப்பதைக் கண்டார்கள். ஆக, ஆட்டுப்புழுவில் இரண்டு பிழைகளும் ஒரே நேரத்தில் நடந்திருக்கின்றன: இல்லாத வேறுபாடுகளுக்குப் பெயர் வைத்தோம், இருக்கும் வேறுபாடுகள் பெயரில்லாமல் கிடக்கின்றன.

சுறா, திருக்கைப் புழுக்களில் இந்தச் சிக்கல் இன்னும் வெளிச்சத்துக்கு வந்தது. ஜானின் கைராவும் கிர்ஸ்டன் ஜென்சனும் ஒருங்கிணைத்து 2008 முதல் 2017 வரை நடந்த உலகளாவிய நாடாப்புழுக் கணக்கெடுப்பின் தொகுப்பு 2017இல் வெளிவந்தது. இத்தகைய மறுஆய்வுகளில் இந்தியக் கடற்கரையிலிருந்து பதிவான பல பெயர்கள் ஐயத்துக்குரியவையாகவே வைக்கப்பட்டுள்ளன. காரணங்களில் முக்கியமானவை இரண்டு. மூல மாதிரி எங்கே இருக்கிறது என்று தெரியாது, அல்லது தனிப்பட்ட சேகரிப்பில் இருந்து அழிந்துபோனது. ஓம்புயிரியாகச் சொல்லப்பட்ட திருக்கையின் பெயரே தவறாக இருக்கலாம்; சரிபார்க்கப் படமோ மாதிரியோ இல்லை. 1916இல் தொடங்கிய இந்திய விலங்கியல் அளவை நிறுவனத்தின் கல்கத்தாச் சேகரிப்பும் சென்னையில் அதன் தென்மண்டல மையமும் இருக்கும்போது இப்படி ஆனதற்கு நிதிக்குறையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. புதிய சிற்றினத்துக்குக் கிடைக்கும் மதிப்பு பழைய சிற்றினத்தைச் சரிபார்ப்பவருக்குக் கிடைப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் பெவரிட்ஜின் புழுக்கள் அடிலெய்டிலுள்ள தெற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் எண்ணிட்டு இருக்கின்றன. அவர் சொன்னது தவறு என்று நாளை ஒருவர் நினைத்தால், போய் எடுத்துப் பார்த்து மறுக்கலாம்.

7. குப்பிமேல் என்ன எழுதுவது

பொன்னேரி போன்ற ஓர் ஊரில் ஆட்டுப்புழு வகைப்பாட்டைத் தொடங்குபவருக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. சேகரிக்கும் விதம்தான் முக்கியம். ஒவ்வொரு புழுவையும் இரண்டாக்க வேண்டும். தலையும் சில முதிர்ந்த கணுக்களும் நீட்டிய நிலையில் சூடாகக் கொல்லப்பட்டு, சாயம் ஏற்றிப் பார்ப்பதற்கு. நடுவிலிருந்து ஒரு துண்டு செறிந்த எத்தனாலில், டி.என்.ஏ.வுக்கு. ஃபார்மலின் பட்ட திசு பின்னால் உதவாது. கொன்ற முறையையும் திரவத்தையும் குப்பியிலேயே எழுத வேண்டும், இல்லையென்றால் அளவுக்கு அர்த்தமில்லை.

ஓம்புயிரிப் பகுதிதான் மிகக் கவனம் கேட்பது. 'செம்மறி, பொன்னேரி' என்று எழுதினால் ருடோல்ஃபி காலத்து 'கங்காரு'வுக்கு மேல் நாம் நகரவில்லை. சென்னைச் சிவப்பா, நெல்லூரா, கலப்பா, வியாபாரி எந்தச் சந்தையில் வாங்கினார், அங்கே வருமுன் எங்கே மேய்ந்தது என்று தெரிகிறதா, குட்டியா, வளர்ந்ததா. அதே குடலில் மொனீசியாவும் அவிடெல்லினாவும் சேர்ந்திருந்தால் இரண்டையும் ஒரே எண்ணின் கீழ்ப் பதிவது நல்லது. கடைசியாக, புழு இருந்த இடம்: சிறுகுடலின் முன்பகுதியா, நடுவா, பித்தக்குழாயா, ஈரலுக்குள் எவ்வளவு தூரம். ஸ்டைலீசியாவின் இரண்டு சிற்றினங்களையும் பிரித்துப் பார்க்கும் முதல் குறிப்பு அதுதான். குடலையும் ஈரலையும் ஒரே சட்டியில் போட்டு அலசிய பின் அதை யாராலும் சொல்ல முடியாது.